பின்சீட்டுக்காரன் எழுதுன பட்டியல்

வா மாப்ள, திண்ணைல உக்காரு. வெள்ளை வேட்டி அழுக்காயிரும்னு யோசிக்காத. உன்ற வண்டி சீட்டைவிட இது வயசுல மூத்தது. இதுவரைக்கும் ஒருக்காக்கூட சர்வீசுக்கு விட்டதில்லை.

அடுத்து வரப்போற மாடலுக்கு இப்பவே ஷோரூம்ல துண்டு போட்டு வெச்சிருக்கறயாமா. என்னென்ன வசதி வேணும்னு ஃபாரம் வேற குடுத்திருக்கறாங்களாமா. நல்ல சங்கதிதான். பொண்ணு பாக்கப் போறப்பக் கூட உன்னைய ஆரும் இம்புட்டு மரியாதையாக் கேட்டதில்லை. எங்க, எழுதுனதை வாசி, கேப்போம். பின்சீட்டுக்கு மசாஜ். பின்சீட்டுக்கு டிவி. பின்கதவைத் தானா சாத்தறதுக்கு மோட்டார். கூரைல மினுக்கற லைட்டு. வாசனை விடற டப்பா. பலே. இப்ப அந்தக் காயிதத்தோட தலைப்பை ஓராட்ட வாசி. "வண்டி ஓட்டுபவரின் விருப்பங்கள்." நீ ஸ்டியரிங்கைத் தொட்டு எத்தனை வருசமாச்சு? வைப்பர் எந்தப் பக்கம்னு கேட்டா டிரைவருக்குப் போன் போடற ஆளு நீ.

உன்னையச் சொல்லியும் குத்தமில்லை. கம்பெனிக்காரனும் அதே நெனப்புலதான இருக்கறான். 2024ல பிஎம்டபிள்யூக்காரன் 5 சீரிஸை நீட்டிக் கொண்டாந்தான். முன்சக்கர அச்சுக்கும் பின்சக்கர அச்சுக்கும் நடுவால 3,105 மில்லிமீட்டர். அக்டோபர்ல பென்ஸுக்காரனும் இ-கிளாஸை நீட்டி 3,094ன்னு நிறுத்துனான். ஜெர்மனில அவனவன் ஊர்ல இதே வண்டி இதைவிடக் குட்டை, ஏன்னா அங்க வாங்கறவனே ஓட்டறான். சீனாக்காரனும் நம்மாளும் பின்னாலதான் உக்காருவான்னு கண்டுபுடிச்சு நீட்டிட்டாங்க. நீட்டுனது அம்புட்டும் உன்ற காலுக்கு. ஓட்டறவனுக்கு ஒரு விரக்கடை கூடக் கூடலை.

நீட்டுனா என்ன ஆகும்ங்கறது நம்மூர் வேகத்தடைல ஏறுனாத்தான் தெரியும். வரப்பு மேல நீட்டு ஏணியப் போட்டு இழுத்தா எங்க தட்டும்? நடுவுலதான? அதே கதைதான். தரைக்கும் அடிவயித்துக்கும் நடுவால இருக்கற சந்து ஒரே அளவா இருந்தாலும், சக்கரம் ரெண்டும் தள்ளித் தள்ளி இருந்தா வயிறு தட்டும். நான் மில்லு மொதலாளிக்கு ஓட்டுன அம்பாசிடருக்கு அந்த நடு நீளம் ரெண்டரை மீட்டர்கூட வராது. இட்டேரில முள்ளு, கல்லு, பாத்திக்காலு எது வந்தாலும் ஏறி எறங்கிப் போயிட்டே இருக்கும். உன்றதுல நீ, உன்ற ஊட்டுக்காரி, மாமியா, மாமியா கொண்டாந்த பலாப்பழம் அம்புட்டும் ஏறுனதுக்கப்பறம் இன்னும் ரெண்டு விரக்கடை எறங்கிக்கும்.

முறைப்படி வேகத்தடை எப்படி இருக்கணும் தெரியுமா? இந்தியச் சாலைக் காங்கிரஸுன்னு ஒண்ணு இருக்குது. ஓட்டுக் கேக்கற காங்கிரஸு இல்ல, ரோட்டுக்கு அளவு சொல்றவங்க. 10 சென்டிமீட்டர் ஒசரம், 3.7 மீட்டர் அகலம்னு எழுதி வெச்சிருக்கறாங்க. அப்படி இருந்தா உன்ற வண்டி தாலாட்டிக்கிட்டே ஏறி எறங்கும். நம்ம காண்டிராக்டரு ஒசரத்தைக் கூட்டி, அகலத்தைக் கொறைச்சு, மிச்ச தாரை எங்க கொண்டு போனாருன்னு சாமிக்குத்தான் தெரியும். சில எடத்துல காண்டிராக்டருகூட இல்ல. ஊர்ல ஒரு கோழி அடிபட்டுதுன்னா ராத்திரியோட ராத்திரியா பசங்களே சேந்து ஒண்ணைக் கட்டீர்றாங்க, கெழவரு ஒருத்தரு தலைமைல. (ஆருன்னு கேக்காத. கோழி எங்களதுதான்.)

இதுல வேடிக்கை என்னன்னா, இருவது லட்சத்துக்கு மேல வெலை போற காருக்கு நம்ம தமிழ்நாட்டுல ஆயுள் வரி நூத்துக்கு 20. எழுவத்தஞ்சு லட்சத்து வண்டின்னு வெச்சுக்க, பதினஞ்சு லட்சம் ரோட்டு வரி மட்டும். அம்புட்டுக் கட்டிப்போட்டு, அந்த ரோட்டுல எறக்கறதுக்குப் பயந்துட்டு, சாளைக்கு வர்றப்ப மெயின் ரோட்டுலயே வண்டிய விட்டுட்டு என்ற டிவிஎஸ் எக்ஸெல்ல பின்னால ஏறிக்கற பாரு, அங்கதான் மாப்ள நீ நிக்கற.

அதனால மொத விருப்பமா இதை எழுது. போர்ஷேக்காரன் 911 வண்டில ஒரு வேலை பண்ணி வெச்சிருக்கறான். பட்டனை அமுக்குனா முன்மூக்கு தூக்கிக்கும். தூக்குன எடத்தை ஜிபிஎஸ்ல ஞாபகமும் வெச்சுக்கும். அடுத்த தடவை அங்க போனா தானாவே தூக்கிக்கும். மூக்கோட நிறுத்தாம வயித்தையும் சேத்துத் தூக்கற மாதிரி பண்ணச் சொல்லு. பிஎம்டபிள்யூ பேக்டரி செங்கல்பட்டுப் பக்கம் சிங்கப்பெருமாள் கோயில்ல 2007ல இருந்து நடக்குது. சோதிச்சுப் பாக்கறதுக்கு ஜெர்மனி வரைக்கும் போகவே வேண்டாம். கேட்டைத் தாண்டி எந்தக் கிராமத்து ரோட்டுல திரும்புனாலும் ஆச்சு.

அடுத்தது அந்த டிவிப்பொட்டி. அதான், முன்னால பலகை பூராவும் கண்ணாடியா ஒட்டி வெச்சிருக்கறானே, அது. ஏசியக் கூட்டறதுக்கும் அதுதான், பாட்டுக்கும் அதுதான், சீட்டை நகத்தறதுக்கும் அதுதான். பிள்ளையாரை ஒட்டறதுக்கு எடமே இல்லாமப் பண்ணிட்டாங்க. உன்ற டிரைவரு பாவம், பிள்ளையாரைக் கப்பு வைக்கற குழிக்குள்ள எறக்கி வெச்சிருக்கறான். காப்பி வாங்கிக் குடுத்தா அவரு மடில இருக்கறாரு.

அம்பாசிடர்ல ஹெட்லைட்டைத் தாழ்த்தற சுவிச்சு எங்க இருந்துச்சு தெரியுமா? கிளட்ச்சுப் பெடலுக்கு எடப்பக்கம், தரைல. குமிழாட்டம் ஒரு இரும்பு. எதுத்தாப்புல லாரி வந்தா எடது குதிகாலைத் தரைலயே வெச்சுக்கிட்டு முன்பாதத்தால ஒரு அமுக்கு, 'டக்'குன்னு வெளிச்சம் தாழும். லாரி போனதும் இன்னொரு 'டக்'கு. கை ஸ்டியரிங்கை விடாது, கண்ணு ரோட்டை விடாது. செருப்பைக் கழட்டிட்டு ஓட்டுனம்னா பெருவெரலுக்கே தெரியும் இப்ப மேல வெளிச்சமா, கீழ வெளிச்சமான்னு. அந்த வண்டி 2014ல நின்னே போச்சு. சுவிச்சும் அதோட போச்சு.

கெழவன் பழம்பெருமை பேசறான்னு சிரிக்கற. சரி, சுவீடன்காரன் சொன்னா நம்புவியா? 2022ல அங்க ஒரு கார் பத்திரிகைக்காரங்க புது வண்டியெல்லாம் கொண்டாந்து மணிக்கு 110 கிலோமீட்டர்ல ஓட்டச் சொல்லி, ரேடியோவ மாத்து, சீட்டைச் சூடாக்கு, திரை வெளிச்சத்தைக் கொறைன்னு நாலு வேலை குடுத்துப் பாத்திருக்கறாங்க. பேத்தி போன்ல வாசிச்சுக் காட்டுனா. 2005ல வந்த பழைய வோல்வோ, பட்டன் வெச்சது, பத்தே நொடில நாலையும் முடிச்சுருச்சு. திரை வெச்ச புது வண்டி ஒண்ணுக்கு 44 நொடிக்கு மேல. அதுக்குள்ள வண்டி ஒண்ணேகால் கிலோமீட்டருக்கு மேல ஓடிப்போச்சு. நம்மூர்ல ஒண்ணேகால் கிலோமீட்டருக்குள்ள எத்தனை எருமை, எத்தனை டவுன்பஸ்ஸு, எதுத்தாப்புல தப்புப் பக்கம் வர்ற எத்தனை சொந்தக்காரன்னு கணக்குப் போட்டுக்க.

வெள்ளைக்காரனுக்கே இப்ப புத்தி வந்துருச்சு. ஐரோப்பாவுல காருக்கு ஸ்டார் மார்க்குப் போடற யூரோ என்கேப்புக்காரங்க, 2026ல இருந்து இன்டிகேட்டர், ஹசார்டு லைட்டு, வைப்பர், ஹாரன், ஆபத்துக்குக் கூப்படற பட்டன் அஞ்சும் கைக்குத் தட்டுப்படற மாதிரி இருக்கணும்ங்கறாங்க. இல்லைன்னா அஞ்சு ஸ்டாரு வாங்கறது கஷ்டம். அதோட நீ ஆறாவதா ஒண்ணைச் சேத்து எழுது. ஏசி காத்தைக் கூட்டிக் கொறைக்கற திருகு குமிழு. சித்திரை மாசத்துல தாராபுரம் ரோட்டுல திரைய நோண்டிக்கிட்டு ஓட்டறவனுக்கு வேர்வை கண்ணுல எறங்கும்.

சீட்டைச் சூடாக்கறதுன்னதும் ஞாபகம் வருது. அந்தச் சூட்டுக்கு மாசாமாசம் வாடகை வாங்கற திட்டம்னு 2022ல பிஎம்டபிள்யூக்காரன் சில நாட்டுல போட்டான். கம்பி உள்ளயே இருக்கும், காசு கட்டுனாத்தான் சூடேறும். ஊரே ஏசுனதுக்கப்பறம் அடுத்த வருசமே கைவிட்டுட்டான். நம்மூருக்கு அதை ஆராச்சும் மறுபடியும் கொண்டாந்தா, சூடு ஏறாம இருக்கறதுக்குக் காசு தரோம்னு சொல்லு. வெயில்ல நிறுத்துன வண்டில ஏறிப்பாரு, மாசச் சந்தா கட்டாமயே எம்புட்டுச் சூடு கெடைக்குதுன்னு.

டீசல் வண்டி எடுக்கறதா இருந்தா இன்னொரு சமாச்சாரம். அதுக்கு யூரியா வேணும். நெசமாத்தான் சொல்றேன். ஆட்புளூன்னு ஒரு தண்ணி, நூத்துக்கு 32.5 பங்கு யூரியா. பொகைல இருக்கற வெசத்தை முறிக்கறதுக்கு. அது தீரப்போகுதுன்னா வண்டி இன்னும் இத்தனை கிலோமீட்டர்தான்னு எண்ணிக்கிட்டே வரும். கேக்காம வுட்டு ஆஃப் பண்ணுனா மறுக்கா ஸ்டார்ட்டே ஆகாது. சொசைட்டில ஒரு மூட்டை யூரியாவுக்கு நான் வரிசைல நிக்கறப்பல்லாம் ஏளனமாச் சிரிப்பியே, இனி உன்ற வண்டியும் என்ற பின்னால வந்து நிக்கட்டும். ஆனா மூட்டையப் பிரிச்சுக் கரைச்சு ஊத்திப்போடாத, அழுக்கு அடைச்சு லட்சக்கணக்குல செலவு வெச்சுரும். அந்த எச்சரிக்கை தமிழ்ல வரணும்னு எழுது. மஞ்ச லைட்டு எரிஞ்சா என்னன்னு தெரியாம டிரைவரு உனக்குப் போன் போடுவான், நீ ஷோரூமுக்குப் போடுவ, அவன் லஞ்சுக்குப் போயிருப்பான்.

ஹாரனைப் பத்திக் கவலைப்படாத, அது ஒண்ணைத்தான் அவுங்க நமக்குத் தகுந்தாப்புல செய்யறாங்க. ஐரோப்பா ஹாரன் இங்க ரெண்டு வாரம் தாங்காதுன்னு ஆடி கம்பெனிக்காரங்க இந்தியாவுக்குன்னு தனியா வெச்சாங்க. ஸ்டெப்னி மட்டும் கேளு. பல வண்டில அது இல்லவே இல்லை, இருந்தாலும் ஒல்லிப்பிச்சான் டயரு, மணிக்கு எம்பது கிலோமீட்டர் வேகத்துக்கு மேல ஓட்டக்கூடாது.

இப்பச் சொல்றதைக் காதுல வாங்கு. நீ பின்னால உக்காந்துக்கிட்டு ஒரு பட்டனை அமுக்கி முன்னால இருக்கற எடப்பக்கத்து சீட்டை அக்கட்டத் தள்ளிவிடற பாரு, கால் நீட்டறதுக்கு. அப்ப அந்த சீட்டோட தலைமாடு போய் எடப்பக்கக் கண்ணாடிய மறைச்சுக்குது. பைக்குக்காரன் எந்தப் பக்கம் பூந்து வர்றான்? அந்தப் பக்கந்தான். டிரைவரு கழுத்தை நீட்டி நீட்டிப் பாக்கறான். நீ என்னடான்னா, 'ஏண்டா ஆடிக்கிட்டே ஓட்டற'ங்கற. சில வண்டில அந்தத் தலைமாடு தானா மடங்கும், சிலதுல கழட்டி டிக்கில போடணும். மடங்கறதா வேணும்னு எழுது.

கல்யாண மண்டபத்துல எறங்கி நீ பந்தில உக்காந்தா மூணு மணி நேரம். வெளிய அவன் தகரத்துக்குள்ள வேகறான். என்ஜினைப் போட்டு ஏசி ஓட்டுனா டீசலு போச்சுன்னு நீ கத்துவ. கதவைத் திறந்து வெச்சா உள்ள தூசின்னு உன்ற ஊட்டுக்காரி கத்துவா. 2009லயே டொயோட்டாக்காரன் பிரியஸ் வண்டில கூரை மேல சோலார் தகடு வெச்சு, நிறுத்தி இருக்கறப்ப உள்ள காத்தாடி ஓடற மாதிரி ஒரு வசதி குடுத்தான். அது கோடீஸ்வரன் வண்டி இல்ல, ஊர்ல அல்லாரும் வாங்கற வண்டி. உன்ற எழுவத்தஞ்சு லட்சத்துல ஒரு காத்தாடிக்கு எடமில்லையா? அப்படியே சோத்து டப்பா வைக்கறதுக்கு ஒரு எடமும் கேளு. தண்ணி பாட்டிலுக்கு நாலு குழி, செண்டு டப்பாவுக்கு ஒரு குழி, அவன் தூக்குப்போசி காலுக்கடியில பிரேக்குக்குப் பக்கத்துல உருண்டுக்கிட்டுக் கெடக்குது. உருண்டு பெடலுக்கடியில போய்ச் சிக்குனா அப்பறம் மசாஜ் சீட்டு ஆஸ்பத்திரிலதான்.

என்ன, 'இதெல்லாம் உங்களுக்கு எப்படி மாமா தெரியும்'னா? உன்ற டிரைவரைக் கேட்டேன். காத்தால டீக்கடைல உக்காத்தி வெச்சு ஒரு போண்டா வாங்கிக் குடுத்துக் கேட்டேன். மூணு வருசமா உன்ற கூட ஒரே வண்டில போறான், நீ ஒரு வார்த்தை கேட்டதில்லையாமா. சொல்லறதுக்கு மொதல்ல கூச்சப்பட்டான். ரெண்டாவது போண்டால வாய் தொறந்துது. அவனுக்கு எல்லாத்துக்கும் மேல ஒரே ஒரு ஆசைதான். அந்தப் பெரிய பெரிய வெளிநாட்டு வண்டில முன்சீட்டுக்கும் பின்சீட்டுக்கும் நடுவால கண்ணாடி ஒண்ணு ஏறி எறங்குமாமே, மொதலாளி ரகசியம் பேசறதுக்கு. அது நம்ம வண்டிக்கும் வேணுமாம். பட்டனு மட்டும் முன்சீட்டுல இருக்கணுமாம். நீ போன்ல கத்தறதும், 'ஓவர்டேக் பண்றா'ங்கறதும், வேகத்தடைல ஏறுறதுக்கு முன்னாலயே 'மெதுவா மெதுவா'ன்னு அலர்றதும் கேக்காம நிம்மதியா ஓட்டலாம்ல.

மொறைக்காத. நீ உள்ள தண்ணி குடிக்கப் போனப்பவே அதை ஃபாரத்துல மொத வரிசைல எழுதிப் போட்டேன், பேனாவுலதான். மசாஜை அடிச்சுட்டுத்தான் எடம் பண்ணுனேன். இந்தா, கீழ கையெழுத்தை மட்டும் நீ போடு, வண்டி உன்ற பேர்லதான வரப்போகுது.