ஒரு மீட்டர் சார்

தேர்தல் தேதி அறிவித்த மறுநாள் காலை உங்கள் வீட்டுக் காம்பவுண்டுச் சுவரில் நீலச் சாக்பீஸால் நீளமாக ஒரு கோடு விழுந்திருந்தால், பக்கத்து வீட்டுப் பையனை அடிக்காதீர்கள். ஒரு மீட்டர் சார் வந்து போயிருக்கிறார்.

போர்ட் பிளேரில் அவரைத் தெரியாதவர்கள் இருக்க முடியாது. ஊருக்கு ஸ்ரீ விஜயபுரம் என்று 2024இல் பெயர் மாறிவிட்டது, சார் மாறவில்லை. வெள்ளை அரைக்கைச் சட்டை, தோளில் துணிப்பை. பைக்குள் தையற்காரர் டேப் ஒன்று, கையெழுத்து வாங்கும் நோட்டு ஒன்று, ஒரு பெட்டி நீலச் சாக்பீஸ். கேட்டைத் திறக்கும்போதே டேப் கைக்கு வந்துவிடும். தரையில் நுனியை வைத்து, செருப்பால் மிதித்து, மேலே இழுத்து, நூறு சென்டிமீட்டரில் சர்ரென்று ஒரு கோடு. "2100இல் கடல் இந்த இடத்தில் நிற்கும். இப்போ சொல்லுங்க, உங்க வேட்பாளர் இதுக்கு என்ன பண்ணப் போறாராம்?"

ஒரு மீட்டர் என்பது அவர் கற்பனை அல்ல. ஐ.நா.வின் பருவநிலைக் குழு 2021இல் தந்த அறிக்கையில் உள்ள கணக்குதான். உலகம் கண்டபடி கரியைப் புகைத்துக்கொண்டே போனால் இந்த நூற்றாண்டு முடிவதற்குள் கடல்மட்டம் 63 சென்டிமீட்டரிலிருந்து சுமார் ஒரு மீட்டர்வரை ஏறலாம். புகையை வெகுவாகக் குறைத்துவிட்டால் 28 சென்டிமீட்டரோடுகூட நிற்கலாம் என்றும் அதே அறிக்கையில் இருக்கிறது. அந்தக் கோட்டைச் சார் போடுவதில்லை. 28க்குக் குனிய வேண்டும். அவருக்கு முட்டி வலி.

சிக்கல் கணக்கில் இல்லை, அளக்கிற இடத்தில் இருக்கிறது. எங்கள் தெரு மேட்டில். பஜாரிலிருந்து நடந்து வருகிறவர்கள் பாதி வழியில் நின்று மூச்சு வாங்கித்தான் ஏறுவார்கள். அங்கேயும் சார் தரையிலிருந்துதான் அளப்பார். "சார், கடல் ஒரு மீட்டர் ஏறினால் கரையோரம் ஜங்லிகாட்டில் ஏறும். இங்கே என் சமையற்கட்டுக்கு வரவேண்டுமானால் முதலில் ஊர் முழுக்க முழுகியிருக்க வேண்டுமே?" என்று கேட்டேன். கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். "இப்படி எல்லாரும் மேட்டுல நின்னு பேசினா எப்படித் தம்பி?" என்றார். இதற்கு என்ன பதில் சொல்வது!

ஜங்லிகாட்டில் வேறு மாதிரிச் சிக்கல். அங்கே வலை பழுது பார்த்துக்கொண்டிருந்தவர் படகில் விழுந்த கோட்டைப் பார்த்துவிட்டு, "அமாவாசைக்கு அமாவாசை இதுக்கு மேலயே ஓதம் ஏறுதே சார்" என்றார். அந்த மீட்டர் ஓதத்துக்கும் மேலாக ஏறும் மீட்டர் என்று சார் விளக்க ஆரம்பித்தார். படகு கிளம்பிவிட்டது. படகு மிதக்கிற பொருள், கடல் எவ்வளவு ஏறினாலும் கூடவே ஏறும், அதில் கோடு போட்டு என்ன பயன் என்று அவருக்கு எடுத்துச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

ஊர் அந்தக் கோட்டை வீணாக்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். டீக்கடைக்காரர் கோடு நேராக இருக்கிறதே என்று அதற்குக் கீழே காவி பெயிண்டும் மேலே வெள்ளையும் அடித்துவிட்டார். நூல் பிடித்தாலும் அவ்வளவு ஒழுங்கு வராது. பள்ளிக்கூடத்துச் சுவரில் பிள்ளைகள் அதில் உயரம் பார்க்கிறார்கள்; "நான் கடலைத் தாண்டிட்டேன்" என்று போன வருடம் ஒரு பெண் குழந்தை கத்தியதைக் கேட்டேன். முருகன் கோயில் மதிலில் போட்ட கோடு மறுநாளே செம்மண் பட்டைக்குள் மறைந்துபோனது. குருக்கள் கோபப்படவில்லை. "எம்பெருமான் குன்றுதோறும் இருக்கறவன், அவனை விட்டுட்டு அந்தோணியார் கோயிலுக்குப் போய்ப் போடுங்கோ, அவாதான் கரையோரம்" என்று மட்டும் சொன்னாராம்.

2024 தேர்தலில் பறக்கும் படைக்காரர்கள் ஒரே தெருவில் ஏழெட்டு வீட்டில் இந்தக் கோட்டைப் பார்த்து ஜீப்பை நிறுத்திவிட்டார்கள். இது எந்தக் கட்சியின் சின்னம், வீட்டுக்காரர் அனுமதி எழுத்தில் இருக்கிறதா, சாக்பீஸ் செலவை எந்த வேட்பாளர் கணக்கில் எழுதுவது? சாருக்கு வாழ்நாளில் அப்படி ஒரு மகிழ்ச்சி வந்திருக்காது. முதல் தடவையாக அரசாங்கம் அவரிடம் கேள்வி கேட்கிறது! துருவப் பனியில் தொடங்கி முக்கால் மணி நேரம் பேசினார். படை பறந்துவிட்டது.

வேட்பாளர்களையும் விட்டுவைப்பதில்லை. பிரசாரத்துக்கு வந்த ஜீப்பின் கதவில் கோடு. கட்-அவுட்டில் கோடு, கூப்பிய கைக்குச் சரியாக மேலே. ஒரு கட்சியின் பையன்கள் அதைப் போஸ்டர் ஒட்டுவதற்கான அடையாளம் என்று எடுத்துக்கொண்டு தெரு முழுக்க ஒரே மட்டத்தில் ஒட்டிவிட்டுப் போனார்கள்.

இவ்வளவுக்கும் பின்னால் ஒரு அரசியல் கணக்கு வைத்திருக்கிறார். நமக்குச் சட்டமன்றம் கிடையாது. வடக்கே டிக்லிபூரிலிருந்து தெற்கே கேம்ப்பெல் பே வரை அத்தனை தீவுக்கும் ஒரே எம்.பி. 2019இல் குல்தீப் ராய் சர்மா ஜெயித்தது 1,407 ஓட்டில். "ஆயிரத்து ஐந்நூறு கையெழுத்து இருந்தா போதும், எந்தக் கட்சியா இருந்தாலும் கடலைப் பத்திப் பேசியே ஆகணும்" என்பார். கணக்கு சரிதான். நோட்டில்தான் அவ்வளவு கையெழுத்து இல்லை. இருப்பதிலும் ஒரே கையெழுத்து பல பெயரில் இருக்கிறது. 2024இல் பிஷ்ணு பத ராய் இருபதாயிரத்துக்கும் மேல் வித்தியாசத்தில் ஜெயித்த பிறகு சார் ஒரு வாரம் வெளியே வரவில்லை.

கோடே போடத் தேவையில்லாத இடம் ஒன்று உண்டு, சிப்பிகாட். 2004 டிசம்பர் 26 பூகம்பத்தில் தெற்கு அந்தமான் தரை ஏறத்தாழ ஒரு மீட்டர் இறங்கியது. வயலுக்குள் கடல் வந்தது, வந்தது வந்ததுதான். நெல் விளைந்த இடத்தில் இன்று உப்புத் தண்ணீர் நிற்கிறது. மெயின்லேண்டிலிருந்து யார் வந்தாலும் சார் அங்கே கூட்டிக்கொண்டு போய், "பார்த்தீங்களா, கடல் ஏறிடுச்சு" என்பார். ஏறவில்லை சார், தரை இறங்கியது. அதே ஆட்டத்தில் டிக்லிபூர்ப் பக்கம் தரை எழும்பிக் கடலுக்கடியில் கிடந்த பவளம் வெயிலில் காய்ந்தது என்று சொன்னால் முகம் வாடிவிடுகிறது. அவர் வாட வேண்டியதே இல்லை. ஒரு மீட்டர் என்றால் என்ன என்று இந்தியாவில் வேறு எந்த ஊர் வாக்காளரைவிடவும் சிப்பிகாட்காரருக்குத் தெரியும். காரணத்தை மாற்றிச் சொல்லி, கையில் இருக்கும் சாட்சியைச் சாரே கெடுத்துக்கொள்கிறார்.

கோடு போட முடியாத விஷயங்களில் அவருக்கு அக்கறை குறைவு. 2010இல் கடல் சூடேறி அந்தமான் பவளம் பெருமளவு வெளுத்துப்போனது. பவளத்தின் மேல் சாக்பீஸ் பிடிக்காது. தீவின் கரண்டில் பெரும்பங்கு டீசலில் ஓடுகிறது, அந்த டீசலும் கப்பலேறி வர வேண்டும். அதைப் பற்றி எப்போதாவது ஒரு வரி.

ஆனாலும் ஒன்று சொல்ல வேண்டும். ஏப்ரல் புழுக்கத்தில், தனிக்காரி அணை வற்றிக் குழாய்த் தண்ணீர் சில நாளுக்கு ஒரு தடவை வருகிற காலத்தில், தெருமுனைக் கூட்டத்தில் வேட்பாளர் கப்பல் டிக்கெட், டி.ஆர்.எம். என்கிற தினக்கூலி ஊழியர்களுக்கு நிரந்தரம், தண்ணீர் என்று அடுக்குவார். எல்லோரும் கை தட்டுவோம். ஆண்டுக்குச் சுமார் 3,000 மில்லிமீட்டர் மழை கொட்டுகிற ஊரில் தண்ணீர் ஏன் இல்லை, மழை தப்பினால் அடுத்த வருடம் என்ன செய்வீர்கள் என்று எழுந்து கேட்கிறவர் சார் ஒருவர்தான். மைக்செட்காரன் சத்தத்தைக் குறைத்துவிடுவான். சார் மைக் இல்லாமல் தமிழில் ஒரு தடவை, இந்தியில் ஒரு தடவை கேட்பார். "ஆகட்டும், பார்க்கலாம்" என்று பதில் வரும். உட்காரமாட்டார். அந்த நேரத்தில் அவர்மேல் எனக்கு மரியாதை வந்துவிடுகிறது.

அந்த மரியாதையைக் காப்பாற்றத்தான் அவர் விடமாட்டேன் என்கிறார். கிரேட் நிக்கோபாரில் கலத்தியா விரிகுடா சரணாலயத்தை 2021 ஜனவரியில் சரணாலயம் இல்லை என்று ஆக்கினார்கள். உலகின் மிகப் பெரிய கடலாமையான ஏழுவரி ஆமை முட்டையிட ஏறும் கரை அது. 2022 நவம்பரில் துறைமுகம், விமான நிலையம், மின் நிலையம், நகரம் எல்லாவற்றுக்கும் சேர்த்துச் சுற்றுச்சூழல் அனுமதி தந்தார்கள். இதற்காக எடுக்கும் காடு 130 சதுர கிலோமீட்டர். வெட்டப்படும் மரம் 9.64 லட்சம் இருக்கலாம் என்பது பாராளுமன்றத்தில் அரசே சொன்ன மதிப்பீடு. ஈடாக எங்கே மரம் வைக்கிறார்கள்? ஹரியானாவில் என்றார்கள். அந்தக் காட்டில் வாழும் ஷோம்பென் மக்களில் 7 பேர் 2024 ஏப்ரல் 19 அன்றுதான் முதல் முறையாக ஓட்டுப் போட்டார்கள். பத்திரிகைகள் படம் போட்டுக் கொண்டாடின.

இதைப் பற்றி நம் சார் எந்தக் கூட்டத்தில் கேட்டார்? எந்தக் கூட்டத்திலும் இல்லை. நான் கேட்டதற்கு, "அது தேசப் பாதுகாப்பு விஷயம் தம்பி" என்று குரலை இறக்கிச் சொன்னார். அதே கிரேட் நிக்கோபாரில், கேம்ப்பெல் பேயில், அவர் மருமகன் இரண்டு லாரி வாங்கியிருப்பது பிறகுதான் தெரியவந்தது. மருமகன் பிழைக்கட்டும், வேண்டாம் என்று சொல்லவில்லை. கொள்ளுப்பேரனும் எள்ளுப்பேரனும் பார்க்கப்போகிற தண்ணீருக்கு என் சுவரை அழுக்காக்குகிறவர், நம் கண்முன்னே சாயப்போகிற மரத்துக்கு ஒரு கேள்விகூடக் கேட்கமாட்டார் என்றால், அந்தக் கோடு எதற்கு? அது பிரசாரம் அல்ல, பொழுதுபோக்கு.

அடுத்த தேர்தல் 2029இல். உங்கள் தெருவுக்கும் வருவார். சாக்பீஸைப் பிடுங்காதீர்கள், நோட்டில் கையெழுத்தும் போடுங்கள். கையெழுத்துக்கு எதிரே 'கலத்தியா?' என்று ஒரு சொல் சேர்த்து எழுதிவிடுங்கள். ஆயிரத்து ஐந்நூறு பேர் எழுதினால் வேட்பாளர் பேசுகிறாரோ இல்லையோ, சார் பேசியாக வேண்டும்.