எந்த வேர்டு நல்ல வேர்டு?

கேள்வி: மகள் பி.காம். சேர்ந்திருக்கிறாள். லேப்டாப்பில் எந்த வேர்டு மென்பொருளைப் போடலாம்? கடையில் காசு கேட்கிறார்கள்.
– ஒரு தாய், ஆவடி

பதில்: பர்ஸைத் திறக்காதீர்கள், அம்மா. கல்லூரி தரும் இமெயில் முகவரியை வைத்தே மைக்ரோசாஃப்ட் வேர்டின் இணைய வடிவம் பல இடங்களில் இலவசமாகக் கிடைக்கிறது. முதலில் அதை விசாரியுங்கள். இல்லையென்றால் லிப்ரே ஆபீஸ். 2010-ல் ஓபன் ஆபீஸிலிருந்து தனிக்குடித்தனம் வந்த பிள்ளை. சல்லிக்காசு கேட்காது, நெட் இல்லாமலும் ஓடும், மெனுவையே தமிழில் காட்டும். நாலு பேர் சேர்ந்து ஒரே ப்ராஜெக்ட் எழுதும்போது கூகுள் டாக்ஸ் வசதி. திருட்டு நகல் மட்டும் வேண்டாம். அது வைரஸுக்கு வெற்றிலைபாக்கு வைத்து அழைப்பது.

மென்பொருளைவிட எழுத்துருதான் முக்கியம். பாமினி எழுத்துருவில் அடித்ததைப் பூந்தமல்லி ஜெராக்ஸ் கடையில் திறந்து பாருங்கள். அங்கே அந்த எழுத்துரு இல்லாவிட்டால், ‘தமிழ்’ என்ற சொல்லே நாலு ஆங்கில எழுத்தும் ஓர் அரைப்புள்ளியுமாக நிற்கும்! சமர்ப்பிக்கும் நாள் காலையில் அதைப் பார்க்கும் பிள்ளையின் முகம் நமக்கு வேண்டாம். அதற்குப் பதில் யூனிகோடில் அடிக்கட்டும். 1999-ல் தமிழக அரசு ஏற்ற தமிழ்99 விசைப்பலகை சில நாளில் விரலுக்குப் பழகிவிடும். அச்சுக்குக் கொடுக்கும்போது மறக்காமல் பிடிஎஃப் ஆக்கித் தரச் சொல்லுங்கள்.