பல்வலிக்குப் பவுடர்

ஏய்யா, கோவில்பட்டியில ரயிலேறி ஹைதராபாத்துக்கு வந்து மூணு நாளாச்சு. வந்த நேரத்துல இருந்து நீயும் மருமகளும் ஷேட் கார்டை விரிச்சு வச்சு மல்லுக்கட்டுததைத்தான் பாக்கேன். பொண்ணு பாத்தப்பகூட நீ இம்புட்டு நேரம் எடுத்துக்கிடலையே! ஹாலுக்கு அடிச்ச ரோஸ் கலரு இருபது வருசத்துல பழசாயிருச்சாம். நீங்க ரெண்டு பேரும்தான் பழசாயிட்டீக, மாத்தியா புட்டோம்?

நான் பட்டிக்காட்டான், எனக்கென்ன தெரியும். ஆனா ஜன்னலுக்குக் கீழ ஓதம் ஏறி, சுவரு ஒரு முழத்துக்கு உப்புப் பூத்துக் கிடக்கே, அதைப் பாத்தியா? அதுமேல பட்டி பாத்து, பிரைமர் வச்சு, ரெண்டு கோட்டு எமல்ஷன் இழுத்தா பளபளன்னுதான் இருக்கும். அடுத்த மழைக்கு அம்புட்டும் அப்பளமாப் பேந்து வரும். பல்வலிக்காரன் கன்னத்துல பவுடர் போட்டுக்கிட்ட கதைதான்.

நேத்து உங்ககிட்ட இருந்து தப்பிச்சு சார்மினாருக்கு ஓடினேன்ல? 1591ல கட்டினது. 2019 மே மாசம் மழை பேஞ்ச கையோட அதுலயே ஒரு மினாருல இருந்து சுதைத் துண்டு பேந்து விழுந்துச்சு. குதுப் ஷா கட்டினதையே தண்ணி விட்டு வைக்கல, உன் ரெண்டு பெட்ரூம் பிளாட்டை விட்டுருமாக்கும்! தண்ணி எங்கிட்டு வருதுன்னு மொதல்ல பாரு. சுவத்துக்கு அங்கிட்டு ஓடுற குழாயா, வெளிச்சுவத்து வெடிப்பா, ஜன்னல் ஓரமா? அதை அடைச்சு, சுவத்தைக் காயவிடு. இங்க ஜூன்ல பிடிக்கிற மழை செப்டம்பர் வரைக்கும் இருக்கு. அதுக்குள்ள பிரஷ்ஷைத் தூக்காத.

அப்படியே சௌமஹல்லா அரண்மனைக்கும் போனேன். நிஜாமுக தர்பார் நடத்தின இடம். பாழாக் கிடந்ததை அவுக குடும்பத்து இளவரசி எஸ்ரா முன்னின்னு சீராக்கினாக. 2010ல யுனெஸ்கோ விருதும் கெடச்சுது. தர்பார் மண்டபத்துல 19 சரவிளக்கு தொங்குது, சுவரு வெளுப்பாத்தான் இருக்கு. அம்புட்டு விளக்கு வச்சிருந்தவுகளே வெளுப்பா விட்டுருக்காக. நீ ஒத்த டியூப்லைட்டை வச்சுக்கிட்டு ஒரு சுவத்துக்குக் கருநீலம் அடிப்பேங்கியே, தண்ணிச் செம்பைத் தேட டார்ச்சும் சேத்து வாங்கிரு. ஷேட் கார்டுல கட்டைவிரல் அகலத்துல சாதுவாத் தெரியுத கலரு, சுவரு முழுக்க ஏறினா முறைச்சுப் பாக்கும். சின்ன டப்பா ஒண்ணு வாங்கி ரெண்டடிக்கு அடிச்சு, பகல்ல ஒருக்கா, விளக்கைப் போட்டு ஒருக்கா பாரு.

கதவு நிலையில இருக்குத பழைய எனாமலைச் சொரண்டச் சொன்னியாமே? வீட்டுப் பெயிண்டுல ஈயம் பத்து லட்சத்துல 90 பங்குக்கு மேல இருக்கப்படாதுங்கிற சட்டம் 2017 நவம்பர்லதான் நடப்புக்கு வந்துச்சு. உன் கதவு அதுக்கு மூத்தது. உலர்ந்த உப்புத்தாளைப் போட்டுத் தேச்சா, அந்தத் தூசி தவழுத எம்பேத்தி வாயிக்குத்தான் போகும். நனைச்சுத் தேய்க்கச் சொல்லு. வேலை முடிஞ்சு துடைச்செடுக்குத வரைக்கும் பிள்ளையை அத்தை வீட்டுல விட்டு வை. என்ன முழிக்கே? பெயிண்டுக்கடைத் திண்ணையில உக்காந்து பேப்பர் படிக்கவன்யா உன் பெரியப்பன்.

நம்மூருல பொங்கலுக்கு என்ன செய்வோம்? கல்சுண்ணாம்பை நீத்து, நீலம் கலந்து, மட்டையால வெள்ளையடிப்போம். அதுக்கு முந்தி சாமானை எல்லாம் முத்தத்துல தூக்கி வைப்போம். பாதி அழகு அப்பவே வந்துரும். உன் ஷோகேஸுல கல்யாணத்துக்கு வந்த கண்ணாடி டம்ளரு இன்னும் பெட்டி பிரிக்காம இருக்கு. சுவத்தைப் பழசாக் காட்டுதது கலரா, அதுவான்னு ஒருக்கா யோசி.

மொதல்ல குழாய்க்காரரைக் கூப்பிடு, பிறகு பெயிண்டரைக் கூப்பிடு. கலரை மருமகளே சொல்லட்டும். நீ எதைச் சொன்னாலும் கடைசியில அதுதானய்யா நடக்கப்போகுது!