நம்மூர்லயே இருக்கு

எந்த அதிசயத்தைக் காட்டினாலும் "இது நம்மூர்லயே இருக்கே" என்று சொல்கிற ஆள் கரிசக்காட்டில் வீட்டுக்கு ஒருத்தர் உண்டு. கொடைக்கானல் குளிரில் பல் கிட்டிக்கும்போதும், "மார்கழி மாசம் விடியக்காலம் நம்ம பருத்திக் காட்டுல நின்னு பாரு" என்பார். உள்ளூரோடு இருக்கிறவரை யாருக்கும் தொந்தரவில்லை. என் அக்கா மகன் இந்த வியாதியோடு ஸ்பெயினுக்கே போய்விட்டான்.

செவீயா நகரத்தில் மேற்படிப்பு. ஒரு குடும்பத்தோடு தங்கி அவர்கள் பேச்சையும் பழகிக்கொள்வதாக ஏற்பாடு. கோவில்பட்டியிலிருந்து கிளம்பும்போது பெட்டியில் துணிமணி கால்வாசி. மிச்சமெல்லாம் இட்லிப்பொடி, பருப்புப்பொடி, நார்த்தங்காய் ஊறுகாய், கடலைமிட்டாய். கருவாட்டை அக்கா மூன்று தடவை உள்ளே வைத்தாள். அத்தான் மூன்று தடவை வெளியே எடுத்தார்.

போய் இறங்கியதும் வாசலிலேயே வீட்டம்மா இரண்டு கன்னத்திலும் முத்தம் கொடுத்து வரவேற்றிருக்கிறார். அங்கே அதுதான் வழக்கம். கும்பிடத் தூக்கிய கை இரண்டும் நடுவில் மாட்டிக்கொண்டன. அன்றைக்கு ராத்திரி அம்மாவிடம், "நல்லா மரியாதையா வரவேத்தாங்கம்மா" என்றதோடு நிறுத்திக்கொண்டான். இதற்கு மட்டும் நம்மூரில் ஜோடி தேடவில்லை.

சிக்கல் பேச்சில்தான். ஸ்பானிய மொழியில் 'நீ' என்பதற்கு 'தூ'. 'ஆமாம்' என்பதற்கு 'சீ'. நாம் ஒருத்தரோடு உறவை முறிக்க வைத்திருக்கிற இரண்டு சொல்லையும் அவர்கள் காலைக் காப்பியிலிருந்து புழங்குகிறார்கள். அந்தம்மாவுக்கு அறுபது வயதிருக்கும். என்னைத் 'தூ' என்றே கூப்பிடு, பேரைச் சொல்லு என்று முதல் நாளே சொல்லிவிட்டார். இவனுக்கு நாக்கு எழவில்லை. "பெரிய மனுசியப் பாத்து எப்படி மாமா தூங்கிறது?" என்று என்னிடம் போனில் கேட்டான். அதற்கு மரியாதைச் சொல் ஒன்று இருக்கிறது, 'உஸ்தெத்'. அதைப் பிடித்துக்கொண்டான். அந்தம்மாவுக்கு உஸ்தெத், அவர் மகனுக்கு உஸ்தெத், பத்து வயதுப் பேத்திக்கும் உஸ்தெத். கடைசியில் வீட்டு நாயையும் 'தாங்கள் கொஞ்சம் நகர்கிறீர்களா' என்று கேட்டிருக்கிறான்.

மூன்றாம் நாள் வீடியோவில் அக்காவும் அந்தம்மாவும் பேசிக்கொண்டார்கள். "எம்பிள்ள ஒழுங்கா சாப்புடுதானான்னு கேளுய்யா" என்றாள் அக்கா. இவன் கேட்டான். அந்தம்மா முகமெல்லாம் சிரிப்பாக, "சீ, சீ, சீ!" என்றார்.

அக்கா முகம் செத்துவிட்டது. "ஏன்யா, தின்னது வயித்துக்கு ஒத்துக்கிடாம எதுவும் பண்ணி வச்சிட்டியா?"

"அய்யோ அம்மா, அவங்க ஆமாங்கிறாங்க."

"ஆமாங்கதுக்கு ஆமான்னு சொன்னா என்ன, நாக்குல புண்ணா?"

அங்கே ராத்திரிச் சாப்பாடு பத்து மணிக்கு. கோடைகாலக் கணக்குப்படி நமக்கு அப்போது ஒன்றரை. அவன் சாப்பிட்டேன் என்று சொல்கிறவரை அக்கா இங்கே முழித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். மதியச் சாப்பாடு இரண்டரைக்குக் குறைந்து கிடையாது. காலையில் ரொட்டியைச் சுட்டு, ஆலிவ் எண்ணெய் ஊற்றி, தக்காளியைத் துருவித் தடவிக் கொடுப்பார்களாம். ஆறு இட்லி தின்று பழகிய வயிறு பதினோரு மணிக்கே ஒப்பாரி வைக்கும். அந்த நேரத்துக்குப் பருப்புப்பொடி டப்பாவும் கரண்டியும். சோறு கிடையாது, வெறும் பொடி.

ஒரு நாள் மதியம் கிண்ணத்தில் சிவப்பாக ஒன்று வந்தது. தக்காளி, பூண்டு வாசம். 'ஆகா, ரசம்!' என்று வாயில் வைத்தால் சில்லென்று இருக்கிறது. பாவம், ஆறிப்போய்விட்டது, சொன்னால் வருத்தப்படுவார்கள் என்று சத்தமில்லாமல் எழுந்து போய் அடுப்பில் வைத்துவிட்டான். குடும்பமே பதறி எழுந்திருக்கிறது. அது கஸ்பாச்சோ. குளிர்ச்சியாகக் குடிக்கத்தான் செய்வது. அந்தக் காலத்தில் வெயிலில் காட்டுவேலை செய்தவர்கள் ஊறவைத்த ரொட்டியோடு பூண்டும் எண்ணெயும் சேர்த்து இடித்துக் குடித்ததன் வாரிசு.

"அப்படிச் சொல்லுங்க, கம்மங்கூழ்!" என்றான் இவன். வெங்காயம் கேட்டான். அவர்களும் வெங்காயம் நறுக்கி மேலே போடுகிறவர்கள்தான். அதன் பிறகு இவனைப் பிடிக்க முடியவில்லை. மத்தியானம் கடையை அடைத்துவிட்டுத் தூங்குகிறார்களா? பெரியப்பா முப்பது வருசமாகச் செய்கிறார். பேராலயத்தைக் கூட்டிப்போய்க் காட்டி, 1401இல் முடிவெடுத்துக் கட்டி முடிக்க நூறு வருசத்துக்கு மேல் ஆனது என்று பெருமையாகச் சொல்லியிருக்கிறார்கள். "எங்க கழுகுமலை வெட்டுவான் கோயில் எட்டாம் நூற்றாண்டுல ஆரம்பிச்சது. இன்னும் முடியல" என்றானாம்.

கடலைமிட்டாய் விஷயத்தில்தான் அடி விழுந்தது. 2020இல் புவிசார் குறியீடு வாங்கிய மிட்டாய் என்று பீடிகை போட்டுக் கொடுத்தான். அந்தம்மா கடித்துப் பார்த்துவிட்டு, "துர்ரோன்!" என்றார். பாதாமும் தேனும் போட்டுச் செய்கிற அவர்கள் ஊர் மிட்டாய். கிறிஸ்துமஸுக்குத் தின்பது. அலிகாந்தே துர்ரோனுக்கும் அதேபோல் குறியீடு இருக்கிறது, அதுவும் நமக்கு முன்னாலேயே. தன் ஆயுதத்தாலேயே தன்னைக் குத்தினால் யாருக்குத்தான் பொறுக்கும்? "தாமிரபரணித் தண்ணி இல்லாம என்ன மிட்டாய் மாமா அது?" என்று என்னிடம் பொருமினான். கடலையே தென்னமெரிக்காவிலிருந்து கப்பலேறி வந்ததுதான் என்று சொல்ல வாயெடுத்தேன். பிள்ளை அந்நிய ஊரில் இருக்கிறான், வேண்டாம் என்று விட்டுவிட்டேன்.

செப்டம்பர் கடைசி ஞாயிற்றுக்கிழமை காரில் வெளியே கூட்டிப் போனார்கள். குவாதல்கிவிர் ஆற்றுச் சமவெளி. அங்கிருந்து எனக்கு வீடியோவில் வந்தான். பின்னால் பார்க்கிறேன், கன்னங்கரேல் என்று மண். வெடிப்பு வெடிப்பாகப் பாளம். அதில் வெள்ளை வெளேர் என்று பருத்தி வெடித்துக் கிடக்கிறது. அசல் கரிசல்! ஐரோப்பாவில் பருத்தி விளைகிற ஒன்றிரண்டு இடங்களில் அது ஒன்று என்று படித்திருக்கிறேன். எனக்கே புல்லரித்துவிட்டது.

"எலே, இது நம்மூரேதாம்லே!" என்றேன்.

குனிந்து ஒரு கட்டி மண்ணை எடுத்து உடைத்தான். மோந்து பார்த்தான். உதட்டைப் பிதுக்கினான்.

"போங்க மாமா. புரட்டாசி மாசம் நாம விதைக்கப் போறோம், இவங்க பருத்தி எடுத்துக்கிட்டு இருக்காங்க. இது எப்படி நம்மூராகும்?"