வெள்ளைச் சப்பாத்து மாஸ்டர்

இரத்தினபுரி, கேகாலைப் பக்கத்துத் தோட்டங்களில் "மாஸ்டர்" என்று கூப்பிட்டால் பள்ளிக்கூட வாத்தியார் மட்டும் திரும்பிப் பார்க்க மாட்டார். இசைக்குழு வைத்திருப்பவரும் மாஸ்டர்தான். விடிகாலையில் வாளியும் கத்தியுமாக றப்பர் மலை ஏறுகிறவர், பின்னேரம் ஒட்டுப்பால் வாடை போகத் தேய்த்துக் குளித்து, சென்ட் அடித்துக்கொண்டு கலைஞராக வெளியே வருவார்.

நம் மாஸ்டரின் குரல் அன்றைக்கும் இன்றைக்கும் ஒன்றுதான். மேல் ஸ்தாயிக்குப் போகும்போது கண்ணை இறுக்கி மூடிக்கொள்வார்; கேட்கிறவர்களும் மூடிக்கொள்வார்கள். இத்தனை வருசத்தில் வளர்ந்தது தோற்றம் மட்டும்தான்.

ஆரம்பத்தில் அவருக்கு முகமே கிடையாது. மாரியம்மன் கோயில் பஜனையில் பின்வரிசை, கையில் ஜால்ரா. எழுபதுகளில் பாடகர் ஏ. ஈ. மனோகரன் 'சுராங்கனி' பாட்டோடு நாட்டையே ஆட்டிவைத்தபோதுதான் மாஸ்டரின் முடி காதை மூடியது. டவுனில் பெல்பொட்டம் தைத்தார், வெள்ளைச் சப்பாத்து வாங்கினார். பெல்பொட்டம் லயத்துப் பாதைச் சேற்றை வாரிக்கொண்டு வந்தது. சப்பாத்துக்குள் அட்டை ஏறியது.

"மாஸ்டர், சொக்ஸ்ல ரத்தம்!"

"பாடுறப்ப சொல்லாதடா. சுருதி எறங்கிடும்."

இரத்தினபுரிக்காரன் விரலில் கல் இல்லாமல் மேடை ஏறலாமா? நாலு விரலில் நாலு நிறம். மாணிக்கம் என்பார். மாணிக்க வியாபாரி எவராவது முன்வரிசையில் உட்கார்ந்துவிட்டால் மட்டும் அந்தக் கை மைக்குக்குப் பின்னால் போய்விடும்.

1976-ல் 'அன்னக்கிளி'யோடு வந்த இளையராஜாவின் பழைய படங்களில் பேன்ட் சட்டைதான். வெள்ளை வேட்டி, ஜிப்பா எல்லாம் பிற்பாடு வந்தவை. மாஸ்டரும் வெள்ளைக்கு மாறினார். இளையராஜாவுக்குப் பால்வெட்டு இல்லை, இவருக்கு இருந்தது. றப்பர்ப் பால் துணியில் பட்டுக் காய்ந்தால் கறுத்துவிடும், எந்தச் சவர்க்காரத்துக்கும் மசியாது. மூன்றே மாதத்தில் ஜிப்பா புள்ளிமானாகிவிட்டது. "டிசைன்" என்று சொல்லிச் சமாளித்தார்.

பிறகு கீபோட் வந்தது. ஆறு பேர் இருந்த குழு இரண்டு பேராகச் சுருங்க, பேனர் ஆறடியில் இருந்து பன்னிரண்டடிக்கு வளர்ந்தது. அதற்கு இரண்டு பக்கம். கோயில் திருவிழாவுக்கு மயிலும் வேலும் உள்ள பக்கம். சிங்களக் கலியாண வீட்டுக்குத் திருப்பினால் கிட்டாரும் சிங்கள எழுத்தும், அங்கே பைலாதான். இரண்டு பக்கமும் மாஸ்டருக்குக் கூலிங்கிளாஸ் உண்டு. பின்னணியில் சுவிட்சர்லாந்துப் பனிமலை. மழை வெறித்த காலையில் வாசலில் நின்றாலே தெரிகிற சிவனொளிபாத மலை, பேனர் அடிக்கிற பையனின் கம்பியூட்டரில் இல்லையாம்.

பீட்டில்ஸ்காரர்களும் இப்படித் தோற்றத்தை மாற்றிக்கொண்டே போனவர்கள்தான். மனேஜர் பிரையன் எப்ஸ்டைன் அவர்களுக்கு ஒரே மாதிரிக் கோட்டு மாட்டிவிட்டார். 1967-ல் பேண்ட் வாத்தியக்காரர்களைப் போலப் பளபளவென்று வந்து நின்றார்கள். அடுத்த வருசம் வெறும் வெள்ளை அட்டையில் ஓர் இசைத்தட்டைப் போட்டார்கள். நம் மாஸ்டர் வெறும் வெள்ளை பேனர் கட்டினால், அச்சடித்தவனுக்குக் காசு பாக்கி என்று தோட்டமே முடிவு கட்டிவிடும்.

பேனர்கள் வீண் போவதில்லை. மழைக்கு ஒழுகும் தகரத்துக்கு மேலே விரித்துக் கல்லை வைத்துவிடுவார்கள். மேட்டு ரோட்டிலிருந்து பார்த்தால், மாஸ்டர் வாலிப வயதில் நாலு கூரைகளில் மல்லாந்து படுத்துச் சிரிப்பது தெரியும்.

தப்படிக்கும் பெரியவருக்கு இந்தத் தோற்றத் தொல்லை ஒன்றும் இல்லை. காமன் கூத்தன்று முதல் அடி விழுந்ததுமே, யார் கை என்று தோட்டத்தின் மேல்கணக்கு, கீழ்கணக்கு இரண்டுக்கும் தெரிந்துவிடும். மாஸ்டருக்கு இதில் உள்ளூர ஒரு புகைச்சல். "அவருக்கென்னப்பா, தோலைக் காய்ச்சினாப் போதும். நான் மூஞ்சியக் காய்ச்ச வேண்டியிருக்கு."

இன்றைக்கு முன்மண்டையில் முடி இல்லை, தொப்பி இருக்கிறது. பேனரில் மட்டும் இன்னும் அந்தக் காதை மூடிய முடி. போன மாதம் யட்டியாந்தோட்டைப் பக்கம் ஒரு கலியாணம். கீபோட்டைத் தூக்கிக்கொண்டு இறங்கியவரை மாப்பிள்ளை வீட்டுக்காரர் மேலும் கீழும் பார்த்தார்.

"ஏங்க, பேனர்ல இருக்கிறவரு வரலையா?"

மாஸ்டர் தொப்பியைச் சரிசெய்துகொண்டார்.

"அவரு வந்தா ரேட்டு வேறங்க."