ஒன்றே முக்கால் ரூபாய் வழக்கு

1878-ல் டி. முத்துசாமி ஐயரைச் சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி ஆக்கினார்கள். அந்த நாற்காலியில் உட்கார்ந்த முதல் இந்தியர். வெள்ளைக்காரப் பத்திரிகைகளுக்கு வயிறு எரிந்தது. திருவல்லிக்கேணியில் ஆறு பேருக்கு ரத்தம் கொதித்தது. இரண்டு பேர் வாத்தியார்கள். நான்கு பேர் சட்டம் படிக்கும் பையன்கள். (நாளைக்கு எவர் முன்னால் கைகட்டி நிற்க வேண்டுமோ, அவருக்காக இன்றைக்கே வரிந்துகட்டுவதில் தப்பேதும் இல்லை.)

ஒரு ரூபாய் பன்னிரண்டு அணா கடன் வாங்கி, 80 பிரதி அச்சடித்து, செப்டம்பர் 20 அன்று ‘தி இந்து’வைக் கொண்டுவந்தார்கள். பிரதி நாலணா. எண்பதும் விற்றால் இருபது ரூபாய்; காகிதத்தில் கொழுத்த லாபம்தான்!

சட்டம் படித்த பையன்கள் சீக்கிரமே விஷயத்தைப் புரிந்துகொண்டார்கள். பரீட்சை தேறியதும் கறுப்புக் கோட்டை மாட்டிக்கொண்டு கோர்ட்டுப் பக்கம் போய்விட்டார்கள். வாத்தியார்கள் ஜி. சுப்பிரமணிய ஐயரும் வீரராகவாச்சாரியாரும் மாட்டிக்கொண்டார்கள். 1898-ல் ஐயரும் தன் தமிழ்ப் பத்திரிகையான சுதேசமித்திரனே போதும் என்று விலகினார். ஆச்சாரியார் தலையில் மொத்தமும் விழுந்தது.

இந்த இடத்தில்தான் கதை தலைகீழாகிறது. கோயம்புத்தூரில் வக்கீலாக இருந்துவிட்டுச் சென்னைக்கு வந்த கஸ்தூரிரங்க ஐயங்கார், 1895 முதல் பத்திரிகையின் சட்ட ஆலோசகர். அதன் கடன், பாக்கி, வியாஜ்ஜியம் எல்லாம் அத்துப்படி. அப்படிப்பட்டவர் அதன் பக்கமே தலைவைத்துப் படுத்திருக்கக் கூடாது. அவரோ 75,000 ரூபாய்க்கு அதை வாங்கினார். தேதி: 1905 ஏப்ரல் 1. அது நாளேடானதும் 1889-ல் இதே ஏப்ரல் 1-ல்தான். நாள் பார்த்துக் கொடுத்த ஜோசியர் யாரோ, நல்ல குறும்புக்காரர்.

அப்போது சந்தாதாரர்கள் 800 பேர். படித்தவர்களில் பலர் பணம் கட்டாதவர்கள். தேசபக்தி வேறு, சந்தா வேறு அல்லவா! ஐயங்கார் தலையங்கத்தில் கெஞ்சவில்லை. கட்சிக்காரனிடம் ஃபீஸை முன்கூட்டியே வாங்கிப் பழகிய கை. சந்தாவையும் முன்பணமாகக் கேட்டார். கட்டாதவர்களுக்குப் பத்திரிகையை நிறுத்தினார். அப்படி நிறுத்தப்பட்டவர்களில் வக்கீல்கள் இல்லாமலா இருந்திருப்பார்கள்?