வீசக் கணக்கு தெரிஞ்சா போதும்டா தம்பி

இன்னா தம்பி, நைட் ஷிப்ட் முடிஞ்சு வந்தும் தூங்காம 128, 64, 32ன்னு முணுமுணுத்துக்கிட்டு கெடக்கே? ஒரகடத்துல ரூம் எடுத்த நாளா உன்னைப் பாக்குறேன். வட்டிக்குக் கடன் வாங்கிட்டியோன்னு பயந்துட்டேன். அப்புறந்தான் சிசிஎன்ஏங்கற நெட்வொர்க் பரீட்சைன்னு தெரிஞ்சுது. படி, நல்லா படி. ஒரே கம்பெனி, ஒரே வேலைன்னு நம்பினவங்க கதையை இந்த ஸ்ரீபெரும்புதூர் பாத்துடுச்சு. நோக்கியா ஃபேக்டரி 2006-ல வந்தது, 2014-ல பூட்டு விழுந்துது.

ஆனா நீ போடுற கணக்கைப் பாத்தா எனக்குச் சிரிப்பு தாங்கல. ஒவ்வொரு நம்பரையும் ஒண்ணும் சைபருமா எட்டெட்டு கட்டம் எழுதி அழிக்கிறே. பரீட்சை ரெண்டு மணி நேரம். கால்குலேட்டர் கெடையாது. தாண்டிப்போன கேள்விக்குத் திரும்பியும் வர முடியாது. நீ கட்டம் போட்டு முடிக்கறதுக்குள்ள கேள்வியே உனக்கு டாட்டா காட்டிட்டுப் போயிடும்.

எங்க தாத்தா எண்சுவடி மனப்பாடம் பண்ணவரு. அரை, கால், அரைக்கால், வீசம், அரை வீசம். எல்லாமே பாதி, பாதியில பாதி. நீ சப்நெட்டுங்கறியே, அதுவும் நிலத்தை அந்தக் கணக்குல பங்கு வெக்கறதுதான். /24 முழு நிலம், 256 ஐபி நம்பர். /25 அரை, 128. /26 கால், 64. /27 அரைக்கால், 32. /28 வீசம், 16. /29 அரை வீசம், 8. /30 கால் வீசம், 4. ஸ்லாஷ் ஒண்ணு ஏறினா நிலம் பாதியாகும், அவ்ளோதான். மாஸ்க்கோட கடைசி நம்பர் வேணுமா? 256-ல பங்கைக் கழி. 32-ஐக் கழிச்சா 224. இதுக்கா ராவெல்லாம் கண்ணு முழிக்கிறே?

192.168.10.77/27 எந்தப் பங்குல விழுதுன்னு கேக்குறானா? 32, 32-ஆ தாண்டு: 0, 32, 64, 96. 77 எங்க? 64-க்கும் 96-க்கும் நடுவுல. அப்போ 64 நெட்வொர்க். அடுத்த எல்லைக்கு ஒண்ணு முன்னாடி இருக்கிற 95 பிராட்காஸ்ட். ரெண்டு எல்லைக் கல்லுலயும் குடி வெக்கக் கூடாது. நடுவுல 65 முதல் 94 வரை 30 பேருக்குத்தான் எடம்.

172.16.45.10/20ன்னு கேட்டா வாயைப் பொளக்காதே. 24-ல 20 போனா 4. ரெண்டை நாலு வாட்டி பெருக்கு, 16. இப்போ தாண்ட வேண்டியது மூணாவது நம்பர்ல: 0, 16, 32, 48. 45 விழுறது 32-ல. நெட்வொர்க் 172.16.32.0, பிராட்காஸ்ட் 172.16.47.255.

கேள்வி எழுதுறவன் உன்னைவிட கில்லாடி. ‘கேட்டுல 31 கேமரா வெக்கணும், எந்த ஸ்லாஷ்’னு கேப்பான். 32 இருக்கேன்னு /27-ஐத் தட்டிட்டு வந்துடுவே. எல்லைக் கல்லு ரெண்டையும் சேத்தா 33 ஆச்சே! /26 தான் சரி. ரெண்டு ரவுட்டருக்கு நடுவுல போற லைனுக்கு /30 போதும். அதுக்கு /31-உம் போடலாம்னு 2000-ல விதி வந்துடுச்சு, ரெண்டு நம்பரையும் புழங்கிக்கலாம்.

கேக்கறவன் தேவைக்கேத்த அளவுல இப்பிடி வெட்டிக் குடுக்கற வழக்கமே 1993-லதான் வந்துதாம். அதுக்கு முன்னாடி ஏ, பி, சின்னு வகுப்பு. 300 மிஷின் வெச்சிருக்கறவனுக்கு 256 பத்தாது, அதனால 65,536-ஐ மொத்தமா வளைச்சுப் போட்டுக்குவான். மிச்சம் சும்மா கெடக்கும். சிப்காட்டுக்கு நெலம் குடுத்த எனக்கு இதை வெளக்கணுமா?

பரீட்சை ஹால்ல எழுதி அழிக்க ஒரு பலகை குடுப்பான். முதல் வேலையா 128, 64, 32, 16, 8, 4, 2, 1ன்னு எழுது. அதுக்குக் கீழ மாஸ்க்குக்கு 128, 192, 224, 240, 248, 252, 254, 255ன்னு எழுது. அதுவரைக்கும் கம்பெனி பஸ்ஸுக்கு நிக்கறப்ப ஃபோனைத் தடவாம, சிங்கப்பெருமாள்கோயில் ரோட்டுல போற கன்டெய்னர் லாரி நம்பரைப் பாரு. கடைசி ரெண்டு இலக்கம் 53-ஆ? /28ன்னு வெச்சுக்கோ. 48-ல ஆரம்பம், 63-ல முடிவு. அடுத்த லாரிக்குள்ள சொல்லிடணும். இந்த ரோட்டுல லாரிக்கா பஞ்சம்?

பாஸானா ஸ்வீட் டப்பாவோட வந்து நிக்காதே, எனக்குச் சக்கரை. நெலத்தை எத்தனை பங்கா வேணாலும் வெட்டிக்கோ, ரூம் வாடகையை மட்டும் வெட்டாதே. அது எப்பவும் முழு நிலம், அஞ்சாம் தேதிக்குள்ள கைக்கு வந்துடணும்.